கொனரி திரும்பி வந்த படம் திருட்டுப் படமா?

கேள்வி, 11 பெப்ரவரி 2024

1983இல் வந்த ‘நெவர் சே நெவர் அகெய்ன்’ படத்தை ஜேம்ஸ் பொண்ட் படங்களோடு சேர்த்து எண்ணுவது சரியில்லை. ‘தண்டர்போல்’ கதையைத் திருடி, விலகிப் போயிருந்த ஷோன் கொனரியைக் காசு காட்டிக் கூட்டிவந்து எடுத்த டூப்ளிகேட் அது. ரொஜர் மூர் இளமையாக நடித்துக்கொண்டிருந்த நேரத்தில் கிழட்டு பொண்டை யார் கேட்டது? யாழ்ப்பாணத்தில் அந்தக் காலத்தில் பார்த்த அண்ணைமார் இருந்தால் பதில் சொல்லுங்கள்.

11 பெப்ரவரி, இரவு

தம்பி, திருட்டு என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். மற்றதைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை பிடிக்கலாம்.

1950களின் கடைசியில் பொண்ட் நாவல் ஒன்றுகூடப் பெரிய திரைக்கு வந்திருக்கவில்லை. அப்போது பொண்ட் நாவல்களை எழுதிய இயன் பிளெமிங், கெவின் மக்ளோரி என்ற அயர்லாந்துக்காரர், ஜாக் விட்டிங்ஹாம் என்ற திரைக்கதை எழுத்தாளர் மூவரும் சேர்ந்து படமாக்குவதற்கென்றே ஒரு கதை கட்டினார்கள். அணுகுண்டுகளைக் கடத்தி உலகத்தை மிரட்டுகிற கதை. படம் கைகூடவில்லை. பிளெமிங் அதே கதையை ‘தண்டர்போல்’ என்ற நாவலாக்கி 1961இல் வெளியிட்டார். மற்ற இருவர் பெயரும் அதில் இல்லை. மக்ளோரி வழக்குப் போட்டார். 1963இல் அது சமாதானத்தில் முடிந்தது. நாவல் பிளெமிங்கிடம் இருக்கும், ஆனால் அடுத்த பதிப்புகளில் மூன்று பேரின் பெயரும் வரவேண்டும். படமாக்கும் உரிமை மக்ளோரிக்கு.

1965இல் ‘தண்டர்போல்’ வந்தபோது தயாரிப்பாளர் என்று திரையில் விழுந்த பெயர் மக்ளோரியுடையது. மற்றப் பொண்ட் படங்களைத் தயாரித்த புரொக்கோலியும் சோல்ட்ஸ்மனும் அவரோடு சேர்ந்துதான் அந்தப் படத்தை எடுத்தார்கள். பதிலுக்கு, பத்து வருடத்துக்கு இன்னொரு படம் எடுப்பதில்லை என்று அவர் ஒப்புக்கொண்டார்.

எங்கள் ஊர் ஆட்களுக்கு இதை விளங்கப்படுத்த ஒரு பங்குக் காணி போதும். மூன்று பேர் பெயரில் உறுதி இருக்கிறது. பெரிய வீட்டுக்காரர் முழுக் காணிக்கும் வேலி அடைத்துவிட்டார் என்பதற்காக, மற்றப் பங்காளி தன் பங்கில் ஒரு கொட்டில் போட்டால் அவனைக் கள்ளன் என்று சொல்வோமா? பிளெமிங்கின் சொத்தைப் பார்த்துக்கொண்டவர்கள் 1983இல் இந்தப் படத்துக்கு லண்டனில் தடையுத்தரவு கேட்டுப் போனார்கள். கிடைக்கவில்லை. அந்தப் பங்கை நீதிமன்றமே மதித்திருக்கிறது.

12 பெப்ரவரி, காலை

மூர் இளமை, கொனரி கிழடு என்று இன்னும் இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். மூர் பிறந்தது 1927 ஒக்டோபர். கொனரி பிறந்தது 1930 ஓகஸ்ட். கிட்டத்தட்ட மூன்று வயது மூத்தவர் மூர்தான். 1983இல் ‘ஒக்டோபுசி’யில் நடித்தபோது அவருக்கு 55. படப்பிடிப்பின்போது கொனரிக்கு 52. வயதை மறைத்துக்கொண்டு ஒருவர் நடித்தார், வயதோடு மற்றவர் நடித்தார். நான் இந்தப் படத்துக்காக வாதாடுவது முழுக்க இந்த இடத்தில்தான்.

12 பெப்ரவரி, பின்னேரம்

காசு விஷயம். 1971இல் ‘டயமண்ட்ஸ் ஆர் ஃபோர்எவர்’ படத்துக்குக் கொனரி வாங்கிய 12 இலட்சத்து 50 ஆயிரம் டொலர் அந்தக் காலத்தில் யாரும் கேள்விப்படாத தொகை. அதை ஸ்கொட்லாந்துப் பிள்ளைகளின் படிப்புக்கான அறக்கட்டளைக்குக் கொடுத்தார். அதற்குப் பிறகு இனி இந்த வேஷமே வேண்டாம் என்று சொல்லித்தான் போனார். 1983இலும் நல்ல சம்பளம் வாங்கினார், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் காசுக்காக மட்டும் வந்தவர் என்ற கதை பொருந்தாது. 70களின் நடுப்பகுதியில் மக்ளோரி மறுபடி படமெடுக்க முயன்றபோது, உளவாளி நாவல்கள் எழுதும் லென் டெய்ட்டனோடும் மக்ளோரியோடும் உட்கார்ந்து திரைக்கதை எழுதினார் கொனரி. நடிக்கும் எண்ணம் இல்லாமல் எழுதத்தான் போனார். அந்தப் படம் எடுக்கப்படவில்லை. ஒரு கதைக்குள் எழுத்தாளராக நுழைந்து, பிறகு நடிகராக வெளியே வந்தவர் அவர்.

படத்தின் பெயர் அவருடைய மனைவி மிஷெலின் சொன்னது. ‘இனிமேல் இல்லை என்று ஒருநாளும் சொல்லாதே’ என்று கணவனைச் சீண்டிய பேச்சு. படத்தின் கடைசியில் தலைப்பு அவருடையது என்று பெயரும் போட்டிருக்கிறார்கள்.

14 பெப்ரவரி

யாழ்ப்பாணத்தில் எப்படிப் பார்த்தீர்கள் என்று கேட்டிருந்தீர்கள்.

இங்கிலீஷ் படமென்றால் எங்கள் மாமாமாருக்கு ரீகல் தியேட்டர்தான். ‘தண்டர்போல்’ அங்கே பார்த்ததைப் பற்றி என் பெரிய மாமா வாழ்நாள் முழுக்கக் கதைத்தார். கொனரி முதுகில் கட்டிய யந்திரத்தோடு மாடத்திலிருந்து பறக்கிற காட்சியைக் கையால் செய்து காட்டுவார். நாங்கள் வளர்ந்தபோது காலம் வேறு. 1983 ஜூலைக்குப் பிறகு கொழும்பிலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலில் வந்து இறங்கிய சனம் எங்கள் சொந்தக்காரரின் வீடுகளிலும் இருந்தது. இரவில் தியேட்டருக்குப் போகும் பழக்கம் மெல்ல மெல்ல அற்றுப்போயிற்று. படம் வீட்டுக்கு வந்தது.

கொக்குவிலில் ஒரு கலியாண வீட்டுக்கு அடுத்த இரவு. டிவி, கசற் போடும் டெக், ஜெனரேற்றர் மூன்றையும் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். முற்றத்தில் பாய். முதலில் சனத்துக்காக எம்.ஜி.ஆர்., பிறகு ரஜினி. பெண்களும் பெரியவர்களும் நித்திரைக்குப் போன பிறகு இங்கிலீஷ் கசற். கொப்பிக்குக் கொப்பி எடுத்த கசற் அது. திரையின் அடியில் வெள்ளைக் கோடு ஒன்று மேலும் கீழும் ஓடிக்கொண்டே இருந்தது. படம் கலங்கத் தொடங்கினால் டெக்காரப் பொடியன் மூடியைக் கழற்றி, புதுத் தாள் காசு ஒன்றை மடித்து ஹெட்டில் ஒற்றி எடுப்பான். எல்லாரும் மூச்சு விடாமல் பார்த்திருப்போம். கோடு போனால் கைதட்டல்.

கடலுக்கடியில் வரும் காட்சிகள் எங்களுக்கு வெறும் நீலமும் கறுப்பும். சுறா எந்தப் பக்கம், கொனரி எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. ஆனால் முகம் தெரிந்தது. பெரிய மாமா கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, “டேய், இவன் கிழண்டாலும் நடை மாறேல்லையடா” என்றார். கொனரியின் வயதுதான் மாமாவுக்கும். அன்றைக்கு அதை நான் கவனிக்கவில்லை.

15 பெப்ரவரி

ஒருவருக்குப் பதில்: இல்லை, அந்த இரவில் தமிழில் யாரும் டப் பண்ணித் தரவில்லை. இங்கிலீஷ் தெரிந்த மச்சான் ஒருவர் பின்னாலிருந்து சொல்லிக்கொண்டு வந்தார். சண்டைக் காட்சிகளில் அவருக்கும் வேலை இல்லை, எங்களுக்கும் தேவை இல்லை.

17 பெப்ரவரி

இப்போது நல்ல பிரதியில் திரும்பப் பார்த்தேன். கொனரியின் அன்றைய வயதை நானும் தாண்டிவிட்டேன். அன்றைக்கு விளங்காத முதல் அரை மணித்தியாலம் இப்போது என்னைப் பிடித்து உட்கார வைத்தது.

படம் தொடங்கும்போது பொண்ட் ஒரு காட்டுக் கோட்டைக்குள் புகுந்து, ஒவ்வொருவராகச் சாய்த்து, கட்டிவைத்திருக்கும் பெண்ணை விடுவிக்கிறார். கட்டை அவிழ்த்த அடுத்த கணம் அவள் கத்தியால் குத்திவிடுகிறாள். எல்லாமே பயிற்சி. அதில் அவர் தோற்றுப்போனார். மேலதிகாரி எம் இந்தமுறை புது ஆள், வயதில் இளையவர், எட்வர்ட் ஃபொக்ஸ் நடிக்கிறார். பொண்ட் போன்றவர்களே இனித் தேவையில்லை என்ற எண்ணம் அவருக்கு. பொண்ட் கொஞ்சக் காலமாகக் களத்தில் இல்லை, மற்றவர்களுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருக்கிறார். இறைச்சி, வெள்ளைப் பாண், மது எல்லாம் உடம்பைக் கெடுத்துவிட்டன, போய்ச் சுத்தப்படுத்திக்கொண்டு வா என்று எம் அவரை ஒரு சுகவாச நிலையத்துக்கு அனுப்பிவிடுகிறார்.

இளைய அதிகாரி ஒருவர் கோப்பைப் பார்த்துக்கொண்டே ஐம்பது தாண்டிய ஆளிடம் உடம்பைப் பற்றிப் பேசும் அந்தக் காட்சி! கந்தோரில் வேலை செய்த எவருக்கும் தெரியும். கொனரி முகத்தில் கோபம் காட்டவில்லை. ஒரு சின்னப் பொறுமை, அவ்வளவுதான். பிறகு அந்த நிலையத்துக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தால் உள்ளே வொட்கா, மீன்முட்டை, காடை முட்டை. எங்கள் முற்றமே விழுந்து விழுந்து சிரித்தது.

அங்கே வரும் சண்டையைக் கவனியுங்கள். எதிரி அவரைவிட இரண்டு மடங்கு பெரியவன். பொண்ட் அடித்து வெல்லவில்லை. ஓடுகிறார், கையில் அகப்பட்டதை எறிகிறார், அறை அறையாகப் பின்வாங்குகிறார். கடைசியில் எதிரியின் முகத்தில் ஒரு குவளைத் திரவத்தை வீசுகிறார். அவன் அலறிக்கொண்டு போய் விழுகிறான். குவளையில் இருந்தது பரிசோதனைக்காகப் பொண்ட் கொடுத்த சிறுநீர். வயது போன மனிதன் எப்படித் தப்புவானோ அப்படித் தப்புகிறார். இது எழுத்து. இயக்குநர் இர்வின் கெர்ஷ்னர் அதைக் கெடுக்காமல் விட்டிருக்கிறார். ‘தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்’ எடுத்த அதே கெர்ஷ்னர்தான்.

1965 படத்திலும் இதே சுகவாச நிலையம் வருகிறது. அங்கே கொனரிக்கு 35 வயதும் ஆகவில்லை, அவர் ஏன் அங்கே இருக்கிறார் என்பதற்குப் பெரிதாகக் காரணம் தேவைப்படவில்லை. அதே இடத்துக்கு 1983இல் ஒரு காரணம் கிடைத்திருக்கிறது. ரீமேக் என்றால் இப்படி ஏதாவது கொண்டுவர வேண்டும். கதையைத் திருப்பிச் சொல்வதற்கு மட்டும் எதற்கு இன்னொரு படம்?

18 பெப்ரவரி

பொண்ட் படங்களின் தொடக்கத்தில் வரும் துப்பாக்கிக் குழாய் வட்டம் ஏன் இல்லை, அந்த இசை ஏன் இல்லை, அதில்லாமல் என்ன பொண்ட் என்று கேட்ட தங்கைக்கு: மக்ளோரியிடம் இருந்தது அந்த ஒரு கதையின் உரிமை. அந்த வட்டமும் மொன்ரி நோர்மனின் மெட்டும் மற்றவர்களின் சொத்து. தொட்டிருந்தால் மறுபடி நீதிமன்றம். அதனால் திரை முழுக்க 007 என்ற எண்களை நிரப்பித் தொடங்குகிறார்கள். இசை மிஷெல் லெக்ராண்ட். பெரிய இசைக்காரர்தான், ஆனால் இந்தப் படத்தில் அவர் இசை ஆபத்தான இடங்களில் கால் நீட்டிச் சாய்ந்துவிடுகிறது. இதில் நான் உங்கள் பக்கம்.

20 பெப்ரவரி

இரண்டு படத்திலும் வில்லனான லார்கோவைப் பற்றி யாரும் எழுதவில்லையே.

1965இல் அடோல்ஃபோ செலி. ஒரு கண்ணை மூடிய கறுப்புத் துணி, கனத்த உடம்பு, குரல்கூட இன்னொருவருடையது. பார்த்தவுடன் வில்லன். 1983இல் கிளவுஸ் மரியா பிராண்டவர். ‘மெஃபிஸ்டோ’ படத்தில் நடித்துவிட்டு வந்தவர். சிரிக்கிறார், கொஞ்சுகிறார், குழந்தைப்பிள்ளைபோல் விளையாட்டுக் காட்டுகிறார். சிரிப்பு எப்போது நிற்கும் என்று தெரியாததால் பயமாக இருக்கிறது. அவருடைய காதலி டொமினோ நடனப் பயிற்சி செய்யும்போது கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருப்பாரே, அந்த ஒரு காட்சியிலேயே ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

சூதாட்ட விடுதியில் வரும் வீடியோ கேம் காட்சியை எல்லாரும் கேலி செய்கிறார்கள். 1983இன் கேம், இன்றைக்குப் பழசாகத்தான் தெரியும். ஆனால் பிடிகளில் மின்சாரம் ஏறும்போது கொனரியின் கையைப் பாருங்கள். முதலில் விடுகிறார். கீழே விழுகிறார். திரும்ப உட்கார்ந்து கடைசி ஆட்டத்தில் வெல்கிறார். வென்ற காசு வேண்டாம், டொமினோவோடு ஒரு நடனம் போதும் என்கிறார். அடுத்தது டாங்கோ. ஆடிக்கொண்டே, உன் தமையன் செத்துப்போனான் என்று அவளிடம் சொல்கிறார். ஆடுவதை நிறுத்தாதே என்கிறார். லார்கோ பார்த்துக்கொண்டிருப்பதால் அவள் அழவும் முடியாது, நிற்கவும் முடியாது. டொமினோவாக நடிக்கும் கிம் பேஸிங்கரின் கால்கள் தாளத்தில் போகின்றன, முகம் வேறெங்கோ போகிறது. மூரின் பொண்ட் படங்கள் எல்லாவற்றையும் கிண்டினாலும் இதற்கு நிகராக ஒரு காட்சி எனக்கு அகப்படவில்லை.

பொண்டைக் கொல்ல வரும் ஃபாத்திமாவாக நடித்த பார்பரா கரேராவைப் பற்றியும் எழுத வேண்டும். அவர் வரும் இடமெல்லாம் படம் நிமிர்ந்து உட்காருகிறது. அவர் செத்த பிறகு படம் சரிகிறது.

21 பெப்ரவரி

ஆம், கடைசி மூன்றில் ஒரு பங்கு பலவீனம்தான். அதை மறைத்து வாதாட எனக்கு விருப்பமில்லை. வட ஆபிரிக்கக் கோட்டை, குதிரையோடு பாய்வது, பிறகு நீருக்குள் ஒரு முடிவு. பெரிய படைக்கும் பெரிய படைக்கும் நடக்கும் 1965இன் கடலடிச் சண்டையைப் பார்த்தவர்களுக்கு இது சோர்வு. இரண்டு படத்துக்கும் நீரடிக் காட்சிகளை எடுத்தவர் ஒரே ஆள், ரிக்கோ பிரவுனிங். ஆகவே தெரியாத்தனம் இல்லை, காசும் நேரமும் தீர்ந்த களைப்புத்தான் தெரிகிறது. மக்ஸ் ஃபொன் ஸீடோ போன்ற நடிகரை, ஸ்பெக்டர் என்ற கும்பலின் தலைவன் புளோஃபெல்டாகப் போட்டுவிட்டு பூனையைத் தடவ மட்டும் விட்டது பெரிய வீண்.

ஆனால் கதையை 1983க்கு மாற்றிய விதத்தைப் பாருங்கள். பழைய படத்தில் கடத்தப்படுவது குண்டு ஏற்றிய வல்கன் விமானம். இதில் இங்கிலாந்திலுள்ள அமெரிக்கத் தளத்திலிருந்து குரூஸ் ஏவுகணைகள். அதே ஆண்டு நவம்பரில் இங்கிலாந்தின் கிரீனம் கொமனுக்கு அமெரிக்கக் குரூஸ் ஏவுகணைகள் உண்மையாகவே வந்திறங்கின, பெண்கள் வேலிக்கு வெளியே முகாமிட்டுப் போராடிக்கொண்டிருந்தார்கள். அந்த மாதம் படம் பார்த்த சனத்துக்கு அது வெறும் கற்பனையாக இருந்திருக்காது.

24 பெப்ரவரி

எதிர்பார்த்தேன், கமலின் ‘விக்ரம்’ பற்றிய கேள்வி வந்துவிட்டது. சரி, அதையும் பேசுவோம்.

1986 ‘விக்ரம்’. சுஜாதாவின் கதை, அக்னிபுத்ரா என்ற ஏவுகணை திருட்டுப் போகிறது, வில்லன் சத்யராஜ். கடத்தப்பட்ட ஏவுகணையைத் தேடிப்போகும் உளவாளி என்ற எலும்புக்கூடு எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தேவையில்லை. அதற்கும் முன்னால் ஜெய்சங்கரைத் தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட் என்றே கூப்பிட்டார்கள். எங்கள் சனத்துக்கு உளவாளிப் படம் புதிதில்லை.

2022இல் அதே விக்ரமாகக் கமல் திரும்பி வந்தார். 36 வருட இடைவெளி, 67 வயது. கொனரியின் இடைவெளி 12 வருடம். கமலுக்கு உரிமைச் சண்டை இல்லை, இரண்டையும் தயாரித்தது அவருடைய நிறுவனமே. அதனால் பழைய படத்தைத் தாராளமாகத் தொட முடிந்தது.

25 பெப்ரவரி

அப்படியென்றால் கமல் படம்தான் மேலா என்று கேட்கிறீர்கள். அக்ஷன் என்றால் கிட்டவும் வரமுடியாது, கமல் படம்தான். லோகேஷ் கனகராஜ் பேரப்பிள்ளையைக் கையில் கொடுத்து விக்ரமைத் தாத்தாவாக்கினார், அது நல்ல யோசனை. ஆனால் சண்டை தொடங்கியதும் அந்தத் தாத்தாவுக்கு மூச்சு வாங்குவதில்லை, பீரங்கியோடு நிற்கிறார். கொனரிக்கு மூச்சு வாங்குகிறது. எனக்கு அந்த மூச்சு வாங்கல் வேண்டும். எங்கள் பெரிய நடிகர் ஒருவர் தோற்பது போலத் தொடங்கும் உளவாளிப் படம் தமிழில் வந்தால் நான் முதல் நாளே போய் நிற்பேன்.

2 மார்ச்

1983 கணக்கு. ‘ஒக்டோபுசி’ ஜூனில் வந்தது, கொனரி படம் ஒக்டோபரில். உலகம் முழுக்க ‘ஒக்டோபுசி’ 180 மில்லியன் டொலருக்கு மேலே, கொனரி படம் 160 மில்லியன் அளவில். மூர் வென்றார், ஆனால் மற்றதும் தோல்வியில்லை. எங்கள் ஆட்கள் ‘ஒக்டோபுசி’ பார்த்ததற்குக் காரணம் வேறு. உதய்ப்பூரில் எடுத்த படம், அதில் சென்னைத் தமிழர் விஜய் அமிர்தராஜ், ஓட்டோத் துரத்தலில் டென்னிஸ் மட்டையால் ஆட்களை அடிக்கிறார். அவரைக் கொன்றபோது எங்கள் வீட்டில் ஒரு சித்தப்பா எழுந்து போய்விட்டார்.

5 மார்ச்

மக்ளோரி அதற்குப் பிறகும் விடவில்லை. 1990களில் சோனியோடு சேர்ந்து இன்னொரு படம் எடுக்கப் பார்த்தார். அது வழக்காகி 1999இல் சமாதானத்தில் அடங்கியது. அவர் 2006இல் இறந்தார். 2013இல் அவருடைய குடும்பத்திடமிருந்து உரிமைகளை, பொண்ட் படங்களை எடுக்கும் மற்றத் தரப்பு வாங்கிக்கொண்டது. 2015இல் ‘ஸ்பெக்டர்’ என்ற பெயரில் படமும், அதில் புளோஃபெல்டும் வந்ததன் காரணம் அதுதான். அதற்கு முன் ‘ஃபோர் யுவர் ஐஸ் ஒன்லி’ (1981) தொடக்கத்தில் சக்கர நாற்காலியில் மொட்டைத் தலையோடு ஒருவரைப் புகைபோக்கிக்குள் போடுவார்களே, பார்த்தால் புளோஃபெல்ட்தான், ஆனால் அவர் பெயரை யாரும் சொல்லமாட்டார்கள். சொல்லமுடியாது, உரிமை கையில் இல்லை.

‘நெவர் சே நெவர் அகெய்ன்’ உரிமையும் 1997இல், மற்றப் பொண்ட் படங்களை வைத்திருக்கும் எம்.ஜி.எம். நிறுவனத்திடம் போய்விட்டது. அதிகாரப்பூர்வமில்லாத படம் இப்போது அதே கூரையின் கீழ்தான் இருக்கிறது. ஆனாலும் பெட்டியாகப் போட்டு விற்கும்போது இதைச் சேர்ப்பதில்லை. அது எனக்கு மனவருத்தம்.

9 மார்ச்

பிளெமிங், மக்ளோரி என்று இருவர் பெயரையே எல்லாரும் எழுதிக்கொண்டிருக்கிறோம். மூன்றாமவர் விட்டிங்ஹாமைப் பற்றிக் கேட்ட பிள்ளைக்கு நன்றி.

அந்தக் கதையைத் திரைக்கதையாக உட்கார்ந்து எழுதியவர் அவர். வழக்கில் மக்ளோரியோடு நின்றார், செலவு தாங்காமல் வழக்காளி என்ற இடத்திலிருந்து விலகினார், ஆனால் சாட்சியாக இருந்தார். 1972இல் இறந்துவிட்டார், ரீமேக்கைப் பார்க்கவில்லை. பிறகு வந்த புகழில் அவருக்குப் பெரிதாக ஒன்றும் சேரவில்லை. 1965 படத்திலும் 1983 படத்திலும் கதை என்ற இடத்தில் மூன்று பெயரும் போட்டிருக்கிறார்கள், மக்ளோரிக்கும் பிளெமிங்குக்கும் நடுவில் அவருடையது. டிவியில் போட்டால் தொடக்கத்தைத் தாண்டிவிடாமல் அந்தப் பெயரை வாசியுங்கள்.